ஊசி போட்ட புதன்கிழமை

மார்ச் 4, புதன்

இரண்டு வயதுச் சின்னவளைக் குழந்தைகள் நலக் குழு எங்கள் வீட்டில் வளர்க்க விட்டு ஏழு மாதம். புதன்தோறும் நல அலுவலகத்துச் சந்திப்பு அறையில் பெற்றவள் வந்து பார்க்கும் நாள். சலவைக்கடையில் இஸ்திரி வேலை முடித்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

குழந்தைகள் நல அதிகாரியம்மா இன்றும் என்னிடம் ஓதினார்: "காய்ச்சல், ஊசி எதுன்னாலும் பெத்தவகிட்ட சொல்லுங்க. முடிஞ்சா கூடவே கூட்டிட்டுப் போங்க."

தலையாட்டி வைத்தேன். வளர்ப்பது நான், நாட்டாமை அவளுக்கா?

மார்ச் 11, புதன்

காலையில் தடுப்பூசி. அவளிடம் சொல்லவில்லை. மாலையில் அவள் தூக்கும்போது வீங்கிய தொடையில் கை பட்டுவிட்டது. சின்னவள் வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சந்திப்புப் படிவத்தில் எழுதினேன்: 'தாயைக் கண்டு பயந்து அழுதாள். போக மறுத்தாள்.' ஊசியை எழுதவில்லை. மறந்தேனா? பொய் சொல்லாதே. உள்ளுக்குள் மனசு குளிர்ந்தது.

மார்ச் 18

அவள் வரவில்லை.

மார்ச் 25

இன்றும் இல்லை. சின்னவள் ஒரு மணி நேரம் அந்த அறையில் பொம்மைகளைத் தொடவேயில்லை.

வீட்டுக்காரர் கேட்டார்: "அன்னிக்கு ஊசி போட்டதை அவகிட்ட சொன்னியா?"

எரிந்து விழுந்தேன். அப்புறம் குளியலறையில் போய் அழுதேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

மார்ச் 27

சலவைக்கடைக்கே போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"அது ஊசி வலிம்மா. உன்னைப் பார்த்துப் பயப்படலை. நான்தான் மறைச்சுட்டேன்."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என்னைப் பார்த்தாலே பயப்படுறான்னு ஆபீசுல படிச்சுக் காட்டினாங்கக்கா. விட்டுக் குடுக்கிறேன்னு நேத்துதான் கையெழுத்துப் போட்டேன்."

அடுத்த சட்டையை விரித்துக்கொண்டே, "எந்தத் தொடையில போட்டாங்க?" என்றாள்.

"இடது."

"அந்தப் பக்கந்தான் பிடிச்சேன்."

மார்ச் 30

நடந்ததை அப்படியே எழுதி அதிகாரியம்மாவிடம் கொடுத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கோர்ட்டுல வைக்கிறேன். ஆனா கையெழுத்தை வாபஸ் வாங்குறேன்னு அவளும் வந்து சொல்லணும்."

ஏப்ரல் 6

கடையில் அவள் இல்லை. வேலையை விட்டுவிட்டாளாம். தங்கியிருந்த அறையும் காலி. எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 12

தீர்ப்பு வந்தது. சின்னவள் இனி எங்களுக்குத்தான்.

சாயங்காலம் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சின்னவள் "அம்மா" என்றாள். இதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பெற்றவள் வந்துவிட்டாளோ என்று வாசலைப் பார்த்தேன்.