ஏணி பார்க்க வந்த வெளிநாட்டு விருந்தாளி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தங்கை மூவரும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, கொஞ்சம் இளைத்திருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்பது கீழே வரும், அவசரப்படாமல் படி. அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டும் பிரித்தாயிற்று. இன்னொரு கண்ணுக்கு நீ வந்த பிறகுதான் என்று அடம்பிடிக்கிறாள், தள்ளிப்போடாதீங்கம்மா என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார், இவள் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. ஆறு வருஷமாக உனக்கு லீவு கிடைக்கவில்லை. போன மாதம் போனில்கூட, ஒரு நாள் லீவு கேட்டாலே மேலாளர் முறைக்கிறார்ப்பா என்றாய். அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

தேசிய வணிகக் கண்காட்சிக்கு நம் பட்டறை ஏணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், கடை எண் பன்னிரண்டு என்று உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா, அந்தக் கூத்து நடந்து முடிந்துவிட்டது. முதலில் இரண்டு நாள் எங்களுக்குப் பயிற்சி. வெளிநாட்டுக்காரரைப் பார்த்தால் எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும், முகவரி அட்டையை ஒரு கையால் நீட்டுவதா இரண்டு கையாலா, இதெல்லாம் பாடம். ஏணியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ஏணி பத்தடி, கடையின் உயரம் விதிப்படி எட்டடி. கண்காட்சிக்கு மட்டும் ஏணியைக் கொஞ்சம் குட்டையாகச் செய்து தர முடியுமா என்று டை கட்டிய அதிகாரி ஒருவர் கேட்டார், நான் பார்த்த பார்வையில் அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார். கடைசியில் அதைத் தரையில் படுக்க வைத்து, ஏறக் கூடாது என்று பக்கத்தில் ஒரு அட்டையும் வைத்தார்கள். மூன்று நாளில் என் ஏணியில் ஏறியவர் ஒருவரும் இல்லை, உட்கார்ந்தவர்கள் ஏராளம். ஒரு அம்மா, பெஞ்சு உறுதியாத்தான் இருக்கு, ஆனா நடுவுல ஏன் இத்தனை சந்து விட்டிருக்கீங்க என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெளிநாட்டுக்காரர்களை வரவழைக்க அரசாங்கம் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதக் காகிதம் போதாது. பதினோரு மொழியில் விளம்பரம் போட்டார்கள். அதில் கடல் வருகிறது, சூரியன் மறைகிறது, நான்கு குதிரைகள் ஓடுகின்றன. குதிரைக்கும் நம் ஏற்றுமதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், அதெல்லாம் ஒரு உணர்வு சார் என்றார் டைக்காரர். அழைப்பு வைக்க அதிகாரிகள் இருபத்திரண்டு ஊருக்கு விமானத்தில் போய் வந்தார்கள், போய் வந்தவர்களின் எண்ணிக்கையைவிட வருகிறேன் என்றவர்களின் எண்ணிக்கை குறைவு. கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கணக்குப் பார்த்தால், அரங்கத்தில் போட ஐந்நூறு நாற்காலி தயார், ஆள் முப்பதுகூடத் தேறவில்லை. உடனே டைக்காரர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, வெளிநாட்டில் இருக்கும் தெரிந்தவர்களின் விலாசத்தைக் கொடுங்கள் என்றார். அங்கேதான் நான் வகையாக மாட்டினேன். என் மகன் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போது சந்தர்ப்பம் கிடைக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன வேலை என்றார், ஆஸ்பத்திரியில் போர்வையும் தலையணை உறையும் எண்ணி வைக்கிற கிடங்கு வேலை என்றேன். உறை தீர்ந்துபோனால் யார் வாங்குவது என்றார், அவன்தான் சீட்டு எழுதிக் கொடுப்பான் என்றேன். அவர் முகம் மலர்ந்து போய், கொள்முதல் தலைவர் என்று எழுதிக்கொண்டார். உனக்கு ஒரு காலண்டர் அனுப்புவார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன், விமான டிக்கெட்டும் மூன்று நாள் ஓட்டலும் இலவசம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் அரங்கத்துக்குள் வரும் நேரம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பொருளைச் செய்தவர்கள் எல்லோரும் கார் நிறுத்தும் இடத்துக்குப் போங்கள், பாதுகாப்பு ஏற்பாடு என்று எங்களை வெளியே தள்ளிவிட்டார்கள். எங்கள் இடத்தில் நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் நின்றார்கள், நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர்களாம். தண்ணீர் மோட்டார் செய்கிறவரும் நானும் ஒரு லாரி நிழலில் உட்கார்ந்து ஒரே பாட்டில் தண்ணீரைப் பங்கு போட்டுக் குடித்தோம். உள்ளே கைதட்டல் கேட்டது, யாருக்கு என்று தெரியாமல் நாங்களும் தட்டி வைத்தோம். திரும்பி வந்து பார்த்தால், விருந்தாளி ஒருவர் நிரப்பிய கருத்துப் படிவத்தின் நகல் என் மேஜைமேல் இருந்தது. பெயர் உன் பெயர். பதவி கொள்முதல் தலைவர். வேறு யாராவது இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் வரிகள் எல்லாம் மேல்நோக்கி ஏறிக்கொண்டே போயின, அந்தக் கையெழுத்துக்காக உன் காதை எத்தனை தடவை திருகியிருக்கிறேன். நீலக் கோட்டுப் பெண்ணைக் கேட்டேன். அந்த சார் ஏணியத் தடவிப் பாத்தாரு, இதைச் செஞ்சவரு எங்கன்னு கேட்டாரு, செஞ்சவங்கல்லாம் உள்ள வர மாட்டாங்க சார், நானே விளக்குறேன்னு சொன்னேன், வேணாம்னுட்டு அதுலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு என்று பெருமையாகச் சொன்னாள் அந்தப் பெண். அந்த நேரத்தில் நான் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மறுநாள் பேப்பரில் படம். உலகமே திரண்டது என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, திரண்ட உலகத்தில் நீ நாலாவது ஆள், கன்னம் ஒட்டிப்போய், கழுத்தில் அட்டை தொங்க, அமைச்சருக்குக் கை கொடுத்துக்கொண்டு நிற்கிறாய். எனக்குக் கோபம்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது. அந்த ஓட்டலிலிருந்து நம் வீட்டுக்கு பஸ்ஸில் நாற்பது நிமிஷம். லீவு இல்லை என்று ஆறு வருஷம் சொன்னதை அம்மாவின் முகத்துக்கு நேரே எப்படி மாற்றிச் சொல்வது என்று வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அடப்பாவி, வாசலில் வந்து நின்றிருந்தால் அவள் லீவைப் பற்றியா கேட்டிருப்பாள், சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பாள். உன் விலாசத்தைக் கொடுத்தவன் நான், அதனால் இந்தப் பித்தலாட்டத்தில் பாதி என் தலையில். மீதிப் பாதிக்கு நீ பதில் சொல்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. புதுக் கண் வந்த உற்சாகத்தில் மருந்துச் சீட்டு முதல் சோப்பு உறைவரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள், அன்றைக்குப் பேப்பரில் ஒரு தாள் குறைகிறதே என்று கேட்டாள். பட்டறையில் நட்டு போல்ட் மடிக்க எடுத்துப் போய்விட்டேன் என்று புளுகினேன். பரவாயில்ல, அதுல நமக்குத் தெரிஞ்சவங்க யாரு இருக்கப் போறாங்க என்றாள். இதற்கு நடுவில் டைக்காரர் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார், வெளிநாட்டுக்காரர் விசாரித்த ஒரே கடை என்னுடையதாம், வெற்றிக் கதை என்று புத்தகம் போடுகிறார்களாம், அந்தக் கொள்முதலாளரோடு நீங்கள் நிற்கும் படம் இருக்கிறதா என்றார். இருக்கிறது சார், அவன் ஆறு மாதக் குழந்தையாக என் தோளில் கிடந்தபோது எடுத்தது, பரவாயில்லையா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, அந்தக் கன்னத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பா திட்டிவிட்டார் என்று போன் செய்யாமல் இருந்துவிடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு, அம்மாவின் ஆசீர்வாதமும் தங்கையின் அன்பும் இதில் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை மட்டும் மறக்காதே. படிவத்தில், பொருளைச் செய்தவர் நேரில் விளக்கினாரா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டிருக்கிறாய், அதில் தப்பில்லை. கடைசிக் கேள்வி, மீண்டும் வருவீர்களா என்பது. அதற்கு ஆம் என்று அழுத்தி டிக் போட்டிருக்கிறாய். அரசாங்கம் அதை நம்பி அறிக்கையில் சேர்த்துவிட்டது. நானும் நம்பலாம் என்றால் தேதியை எழுது, அதற்கு மறுநாளுக்கே அம்மாவின் இரண்டாவது கண்ணுக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கடை எண் பன்னிரண்டில் அன்று இல்லாமல் போன
உன் அப்பா