எய்ரிக்கை இரவல் கொடுத்த அத்தானுக்கு

அத்தான்,

இன்று காலை கடையின் பலகைக் கதவைத் தூக்கியதும் அந்த மணம் வந்து முகத்தில் அடித்தது. எரிகிற ஆமணக்கெண்ணெய் மணம். ஸ்பீட்வே என்கிற மண்பாதை மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் பைத்தியமானவர்கள் அதை மல்லிகைப் பந்தலுக்குள் நிற்பவர்கள் போல மூச்சிழுத்து அனுபவிப்பார்கள். நான் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சின்ன வயதில் மூக்கைப் பொத்தி வாயில் ஊற்றிய பேதி எண்ணெயை இவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிறார்களே என்று முதல் நாள் நான் முகத்தைச் சுளித்தபோது, "அதுதான் மச்சாள், நிக்காமல் ஓடுது" என்றீர்கள். மைதானத்திலேயே அன்று சிரித்தவள் நான் ஒருத்திதான். தமிழ் விளங்கியவளும் நான் ஒருத்திதான்.

நீங்கள் இல்லாத முதல் சீசன் இன்று தொடங்கியது. தொடங்குமென்று பங்குனி மாதம் வரைக்கும் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் வம்புக்கு இழுக்க வேண்டும். போன மார்கழிக்குப் பிறகு எனக்கு அதற்குச் சரியான ஆள் அமையவில்லை.

நீங்கள் அணியின் முகாமையாளர் ஆன கதையை அக்கா வேறு மாதிரிச் சொல்வாள். "அந்தாளின்ர திறமையைக் கண்டு குடுத்தவங்கள்" என்பாள். நான் அங்கே இருந்தவள் அல்லவா? பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த உங்களை, ஒஸ்லோ ரொம்சோஸில் உங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் தூரிட்தான் தன் ஸ்பீட்வே கழகத்தின் டூக்னாட்டுக்கு என்று இழுத்துப் போனாள். எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு நோர்வேக்காரர் வைத்த பெயர் அது. மாட்டேன் என்றால் பிறகு மாடிப்படியில் முகம் பார்க்க முடியாது. ஓடுபாதை மண்ணைச் சமப்படுத்தும் டிராக்டர் உங்களுக்கு. வாஃபிளும் பொல்சே என்கிற சொசேஜும் விற்கிற கடை எனக்கு. ஆண்டுக்கூட்டத்தில் கழகத் தலைவி தூரிட், முகாமையாளராக ஆர் வருகிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் சப்பாத்தைப் பார்த்தார்கள். நீங்கள் காரில் மறந்துவிட்டு வந்த, இறைச்சி வைத்துப் பொரித்த றோல்ஸ் தட்டை எடுக்க வெளியே போனீர்கள். திரும்பி வந்தபோது ஒரே கைதட்டல். றோல்ஸுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துத் தட்டோடு குனிந்து நன்றி சொன்னீர்கள். அத்தோடு உங்கள் கோடைகாலங்கள் முடிந்தன.

ஆனால் திறமை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். (அக்காவிடம் காட்டமாட்டேன்.) ஒவ்வொரு ஓட்டத்திலும் அணிக்கு இரண்டு பேராக நாலு பேர், நாலு சுற்று, பிரேக்கே இல்லாத வண்டி. முதலாவது வந்தவருக்கு மூன்று புள்ளி, பிறகு இரண்டு, ஒன்று, கடைசி ஆளுக்குப் பூச்சியம். இது எனக்கு விளங்க ஒரு முழுக் கோடை பிடித்தது. நீங்களோ எந்த ஓட்டத்தில் ஆரை ஆரோடு சோடி சேர்ப்பது என்று குசினி மேசையில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எங்களில் வேகமான எய்ரிக் எப்போதும் மிளகாய்த்தூள்.

சில வருடங்களுக்கு முன்பு எய்ரிக் வந்து சேர்ந்ததை மறக்க முடியுமா? நெட்டையாக, வாய்திறவாமல், கூடாரக்கம்பு மாதிரி ஒருவன். எந்த அணியும் அளவுக்கு மிஞ்சிப் பலமாக இருக்கக் கூடாது என்று லீக்கில் ஒரு விதி இருந்தது. ஓட்டக்காரரின் முந்தின வருடச் சராசரிகளைக் கூட்டி ஓர் எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். நாங்கள் விதியை மீறவேயில்லை. முந்தின வருடம் கடைசியாக வந்துகொண்டிருந்த எங்கள் ஆட்களெல்லாம் உங்கள் கை பட்ட இயந்திரங்களோடு அந்த வருடம் முதலாவதாக வந்தால் விதி பாவம் என்ன செய்யும்? தொடக்க நாடா மேலே எழும்பியதும் எங்கள் இரண்டு பேர் முன்னால், அவர்கள் இரண்டு பேர் பின்னால், நாலு சுற்றும் அப்படியே. அடுத்த ஓட்டமும் அப்படியே. கோயில் ஊர்வலத்தில்கூட இதைவிடத் தள்ளுமுள்ளு இருக்கும்.

எனக்கு அந்தக் கோடையின் தொடக்கம் பொற்காலம். போட்டி ஒருபக்கமாகப் போனால் சனத்துக்கு அலுக்கும். அலுத்தால் கடைக்கு வரும். வந்தால் கதைக்கும். தூரிட்டின் முன்னாள் கணவர் ஆரோடு படகு வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் நான் அறிந்தது அந்த ஒருபக்கப் போட்டிகளின் புண்ணியத்தில்தான். "அத்தான், இப்பிடியே வெல்லுங்கோ, விக்கிறதுக்கு றோல்ஸ் காணாது" என்று நான் துள்ளினேன். நீங்கள் மட்டும் வேலியில் சாய்ந்து, ஆட்களைப் பார்க்காமல் ஆட்களில்லாத இடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"மச்சாள், உந்த மூலையிலை போன கிழமை ஒரு குடும்பம் நிண்டது. எங்கை?"

"ஆர் கண்டது? ஆடியிலை எல்லாரும் ஹித்தேக்குப் போட்டினம்." காட்டுக்குள் மரவீடு வைத்திருக்காத நோர்வேக்காரர் உண்டா?

"இல்லை. ஆர் வெல்லுவினம் எண்டு வீட்டிலை இருந்தே தெரிஞ்சால் ஏன் வருவான்?"

அடுத்தடுத்த போட்டிகளில் எனக்கும் தெரிந்தது. முதலில் அலுத்துக் கடைக்கு வந்த சனம் பிறகு அலுத்து வராமலே விட்டது. றோல்ஸை நானும் அக்காவும் கிழமை முழுக்கத் தின்றோம்.

அந்த நேரத்தில்தான் பள்ளத்தாக்குக் கழகத்துக்காரர் வந்தார்கள். லீக்கிலேயே நோஞ்சான் அணி. ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்து, மிஞ்சியவர்களில் ஒருவர் நடுத்தர வயதுத் தபால்காரர். எல்லா ஓட்டத்திலும் கடைசியாக வந்து, வந்ததும் எல்லோருக்கும் கை காட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு அவர்களை நாங்கள் அரைத்து எடுத்தோம். முடிந்ததும் அவர்களின் முகாமையாளர் குன்னார் என் கடைக்கு முன்னால் நின்று உங்களிடம் சொன்னதை நான் கெட்டிலைத் துடைப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அணியைக் கலைக்கப் போகிறார்கள். அவர்கள் போனால் மற்றச் சின்னக் கழகமும் போகும். பிறகு லீக் என்று சொல்ல ஒன்றும் இராது. நாங்கள் எங்களோடேயே ஓடி எங்களையே வெல்லலாம்.

அக்கா ஏற்கெனவே ஷோகேஸில் இடம் ஒதுக்கிவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். கலியாணப் படத்தை ஒரு தட்டுக் கீழே இறக்கி, கண்ணாடி யானைகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் கிண்ணம் வைக்க இடம். உங்கள் கையில் ஒரு வெற்றிக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. இந்த நாட்டில் எத்தனையோ வருடம் வேலை செய்தும் ஒருவரும் உங்கள் பெயரைச் சரியாக எழுதியதில்லை; கிண்ணத்திலாவது வெட்டட்டும் என்பாள்.

அப்போதுதான் கழகக் கூட்டத்தில் நீங்கள் எழும்பி, பள்ளத்தாக்குக்காரருக்கு ஓர் ஆளை இரவல் கொடுப்போம் என்றீர்கள். விதியில் அதற்கு இடம் இருந்தது; மனதில்தான் ஒருவருக்கும் இடம் இருக்கவில்லை. தூரிட் நல்லவள், உடனே ஒத்துக்கொண்டாள். வண்டி பழகிக்கொண்டிருந்த புதியவனைக் கொடுப்போம் என்றாள்.

"புதியவனை இல்லை. எய்ரிக்கை."

எய்ரிக்கின் முகம் சிவந்தது. "என்னைத் துரத்துகிறீர்களா?" என்று கேட்டான். நீங்கள் நோர்வேஜிய மொழியில் பதில் தேடித் தடுமாறி, கடைசியில் என் பக்கம் திரும்பி, "மச்சாள், சொல்லும் இவைக்கு. அடுத்த வீட்டுக்குக் கறி குடுக்கேக்கை சட்டியின்ர அடியை வழிச்சோ குடுக்கிறனாங்கள்? நாங்கள் தின்ன முன்னம், மேலாலை நல்ல துண்டாப் பாத்தெல்லோ அள்ளிக் குடுக்கிறது?" என்றீர்கள். நான் மொழிபெயர்த்தேன். எனக்கே விருப்பமில்லாத ஒன்றை அவ்வளவு அழகாக மொழிபெயர்த்தேன் என்பதில் எனக்குப் பெருமை. மிளகாயைப் பற்றி நானாகவே ஒரு வசனம் சேர்த்தேன். எய்ரிக் முதல் முறையாகச் சிரித்தான். "அப்படியென்றால் நான் நல்ல துண்டா?" என்றான்.

வீட்டில் சிரிப்பு இல்லை. "இஞ்சேருங்கோ, ஊருக்குத் தானம் பண்ண உங்களுக்கு எங்கடை கிண்ணம்தானோ கிடைச்சது?" என்று அக்கா கேட்டாள். ஆனால் எய்ரிக்கின் வண்டியை ஏற்றிக்கொண்டு குன்னார் புறப்பட்டபோது, அவள்தான் ஒரு பெரிய பெட்டியில் ஆட்டிறைச்சிக் கறியைக் கட்டிக் கொடுத்தாள். எங்கடை ஆட்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று நீங்கள் குன்னாருக்குப் பகிடியாகச் சொன்னீர்கள். நோர்வேக்காரரிடம் பகிடி சொல்லும்போது கவனம் வேண்டும். இரண்டு கிழமையில் பெட்டி திரும்பி வந்தது, நிறைய எல்க் இறைச்சியோடு. எல்க் மானா மாடா என்று அக்கா ஒஸ்லோவில் பாதித் தமிழருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தாள். மான் என்று சொன்ன ஐயரை மட்டும் நம்பினாள்.

கடைசிப் போட்டியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன். எங்கள் மைதானம்; கிண்ணம் மேசையில்; எதிரே, எய்ரிக் போன பிறகு வென்று வென்று ஏறி வந்த பள்ளத்தாக்குக்காரர், வந்த அணிக்குரிய மஞ்சள் ஹெல்மெற்றோடு எய்ரிக். காணாமல் போன குடும்பங்களெல்லாம் மூலை மூலையாகத் திரும்பி வந்திருந்தன. இறுதி ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் சமன். என் கடையில் ஒரு நாயும் இல்லை. சரி, நானும் கதவைச் சாத்திவிட்டு வேலிக்கு ஓடினேன்.

எய்ரிக் முன்னால். எங்கள் ஆள் இரண்டாவது, எங்கள் மற்ற ஆள் மூன்றாவது. அப்படியே வந்தால் சமநிலை; சமநிலையென்றால் சீசனில் கூடுதலாக வென்ற அணிக்கு என்பதால் கிண்ணம் எங்களுக்கு. கடைசித் திருப்பத்தில் எங்கள் மூன்றாவது ஆள் கொஞ்சம் அகலமாகப் போனான். அந்த இடைவெளிக்குள், சீசன் முழுக்கக் கை காட்டிக்கொண்டு கடைசியாக வந்த தபால்காரர் நுழைந்தார்! சனம் கத்தியதில் காக்கா பறந்தது. அதற்குள் ஒரு குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. "விடடா எய்ரிக், வேகமா விடடா!" எங்கள் முகாமையாளர், எதிரணிக்காரனுக்கு, தமிழில். தூரிட் உங்களைப் பார்த்த பார்வையில் நீங்கள் எரிந்திருக்க வேண்டும். மண் அப்பிய மொட்டைத் தலையோடு நீங்கள் குதித்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு புள்ளியில் தோற்ற மனிதன் அப்படிக் குதித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எய்ரிக் ஹெல்மெற்றின் மஞ்சள் உறையைக் கழற்றி உங்கள் கையில் தந்தான். அக்கா அதை விரல் நுனியால் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த நாள் நான் போனபோது அந்த உறை தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, ஷோகேஸின் நடுவில் இருந்தது. "மணம் போகுதில்லை" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

இனிப் பங்குனி மாதக் கதை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு எங்கள் அணி சரிந்தது. எய்ரிக்கும் இன்னொருவனும் சுவீடனுக்குப் போனார்கள். ஒருவன் பனிச்சறுக்கில் காலை உடைத்தான். பிரேக் இல்லாத வண்டியில் உடையாத காலை மெதுவான சரிவில் உடைத்தான். இந்த வருடம் அணியைக் களமிறக்க முடியாது என்று தூரிட் லீக்குக்குக் கடிதமே எழுதத் தொடங்கிவிட்டாள். அன்று குன்னார் தொலைபேசி எடுத்தார். ஓர் ஆளை இரவல் தருகிறோம் என்றார். ஆரை என்று தூரிட் தயங்கிக் கேட்டாள்.

இன்று காலை அந்த மணத்தோடு வந்து இறங்கியது அவர்களின் முதலாவது ஓட்டக்காரி. போன வருடம் அவர்களுக்கு அதிகப் புள்ளி எடுத்தவள். இன்றைக்கு எங்கள் எதிரணியே அவர்கள்தான் அத்தான்; தங்கள் சொந்த ஆளோடு மோத வந்திருக்கிறார்கள். குன்னார் கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். "அவருடைய பாத்திரம். வெறுமையாகக் கொண்டுவரவில்லை" என்றார். கோப்பி ஊற்றிக் கொடுத்தேன், அதுவும் கோப்பைக்கு வெளியே.

ஆர் வென்றது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், அதனால் நான் சொல்லவும் போவதில்லை. கடைசி மூன்று ஓட்டத்துக்கும் கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. அக்கா வேலியில் நின்று, உங்களைவிடச் சத்தமாக, "விடு பிள்ளை, விடு!" என்று கத்தினாள்.

இப்போது ரி-பானா ரயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டு இதை எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடியில் மண். மடியில் ஒரு தட்டு நிறைய விற்காத றோல்ஸ். எதிரே இருப்பவர் மணம் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார். குரூருட் நிலையம் தாண்டியதும் ஒன்று எடுத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மேலால் இருக்கிற, உடையாத ஒன்றாகப் பார்த்து.

உங்கள் மச்சாள்