‘வைக்கிறேன்’ இல்லாத சிடி

வேப்பம்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரேவதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குழந்தை ஸ்வாதியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்த வெயிலில் எப்படி இருக்கிறாயோ என்பதுதான் மூன்று வேளையும் நினைப்பு, திருவேற்காட்டு அம்மன் உன் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளட்டும். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் பேப்பரைத் தேடிப்பிடித்து எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் தெரு ராணியின் மருமகன் செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார், இதை உன் கையிலேயே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அது ஒன்று. இன்னொன்று, நாம் போனில் பேசும்போது என் பக்கத்தில் உன் அம்மா இருக்கிறாள், மடியில் குழந்தை இருக்கிறாள், உன் பக்கத்தில் நீ வேலை செய்கிற வீட்டு அம்மாள் நிற்கிறாள். இவர்கள் மூன்று பேர் காதிலும் விழாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆவடி டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்றார், இவள் அவருக்கு நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து அன்றைக்கே மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டாள். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், மணல் லாரி நம் வாசல் குழாயை உடைத்துவிட்டுப் போனது, நானே பைப் வாங்கி மாட்டிவிட்டேன், ஃபேக்டரியில் ராணுவத்துக்கு டாங்க் பூட்டிய கை இதைக்கூடச் செய்யாதா. பென்ஷன் ஒழுங்காக வருகிறது, ஆகையால் எங்களை நினைத்து நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வாதி யூகேஜிக்குப் போகிறாள், பழைய ஷூ சிறுத்துவிட்டது, புதிது வாங்கியாயிற்று, கால் அப்படியே அவள் அப்பன் கால், மாப்பிள்ளை இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இதெல்லாம் போனிலும் சொன்னதுதான். இனிமேல் எழுதப் போவதுதான் சொல்லாதது.

நீ போன புதிதில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எல்லாம் ஸ்வாதி என் போனில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள், கேட்கிற வாக்கில் அழைக்கிற பொத்தானையும் அழுத்திவிடுவாள், நீ அங்கே பார்த்துக்கொள்கிற பாட்டியம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து உன் போன் அடிக்கும். அந்த வீட்டு அம்மாள் உன் போனைப் பிடுங்கி வைத்ததும், இனி வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச்சு என்று சொன்னதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றிலிருந்து என் போனைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். போன் போனதோடு சாப்பாடும் போயிற்று. ஒரு வாய் வாங்கமாட்டாள், உன் அம்மா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தட்டோடு தெருக்கோடி வரைக்கும் அவள் பின்னால் நடந்தாள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது, வராமலே இருந்திருக்கலாம். நீ ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வாங்கின சிடி பிளேயர் பரணில் கிடந்தது. அதில் உன் குரலை ஏற்றிவிட்டால் குழந்தை கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் யாருக்கும் போன் போகாது. உன்னிடம் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன், ஆனால் பாதியைத்தான் சொன்னேன்.

பிளேயரைத் துடைத்து மாட்டியதும் பழைய சிடி நன்றாகவே பேசியது, பென் டிரைவ் செருகத்தான் அதில் வழியில்லை. சிடி எழுதித் தருகிற ஆளைத் தேடி ஆவடியில் நான் ஏறாத கடை இல்லை, எல்லாரும் என்னைப் பழைய பேப்பர் வாங்க வந்தவனைப் போலப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்டேஷன் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற கோகுல்நாத் என்பவர் அகப்பட்டார். இன்னா நைனா, சிடி கேட்டு ஆள் வந்தே வருசக் கணக்கா ஆவுது, பேசாம ஒரு ஸ்பீக்கர் வாங்கிக்கினு போயேன் என்றார். நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. மேஜைக்கு அடியில் கிடந்த சிடி டப்பாவை ஊதித் தூசி தட்டி, நீ பேசியதை எல்லாம் ஒரு சிடியில் ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குழந்தை எதிரில் தட்டை வைத்து, அம்மா பேசப் போறாங்க பாரு என்று பொத்தானை அழுத்தினேன். சிடி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. அவள் பிளேயரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். என் கம்ப்யூட்டர்ல பேசுதே நைனா, உன் பிளேயருதான் கிழடு என்று முதலில் கோபப்பட்டவர் பிறகு மனம் இறங்கி விளக்கினார். போனில் வந்ததை வந்தபடியே ஏற்றினால் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் புரியுமாம், பாட்டு சிடி மாதிரி மாற்றி, நிதான வேகத்தில் எழுதி, கடைசியில் மூடிவிட வேண்டுமாம். மூடிய பிறகு அதில் எதையும் சேர்க்க முடியாது, எடுக்கவும் முடியாது, ஆனால் எந்த பிளேயரில் போட்டாலும் பேசும் என்றார். அப்படியே பண்ணுங்க என்றேன்.

எப்படியும் மறுபடி எழுதப் போறோம், கொஞ்சம் க்ளீன் பண்ணிடலாமா என்று கேட்டார். அங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நானே ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்த வீட்டு அம்மாள் மணியடித்துக் கூப்பிடுகிற சத்தத்தை எடுக்கச் சொன்னேன். நீ மூக்கை உறிஞ்சுகிற இடங்களை எடுக்கச் சொன்னேன், அது இத்தனை இடத்தில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது ரேவதி, கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒவ்வொரு மெசேஜின் கடைசியிலும் நீ சொல்வாயே, சரி கண்ணு அம்மா வைக்கிறேன் என்று, அதையும் எடுக்கச் சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் வாயில் இருக்கிற சோற்றைத் துப்பிவிட்டு அழுவாள், அதனால்தான் சொன்னேன். கட் பண்ண எடமே தெரியாது நைனா என்றார், தெரியவும் இல்லை. நீ கேள்வி கேட்கிற இடத்தில் எல்லாம் குழந்தை பதில் சொல்லக் கொஞ்சம் இடைவெளி விடச் சொன்னதும் நான்தான். எழுதி முடித்து அவர் கடை பிளேயரில் போட்டார், அவர் காரில் போட்டார், எதிர் டீக்கடையிலும் போட்டுக் காட்டினார், எல்லாவற்றிலும் நீ பேசினாய். டீக்கடைக்காரர் பொண்ணு நல்லாப் பேசுதே என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. உன் அம்மா மட்டும் கேட்டுவிட்டு, பேசின பேச்சை அறுத்து ஒட்டுனா அது நல்லா இல்லைங்க என்றாள், உனக்கு என்ன தெரியும் என்று அதட்டிவிட்டேன்.

குழந்தை சாப்பிட்டாள். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டியா கண்ணு என்று நீ கேட்பாய், சாப்பிடறேம்மா என்பாள். இன்னிக்கு மிஸ் என்ன சொன்னாங்க என்பாய், தினமும் புதிதாக ஒரு கதை சொல்வாள், சரியாக இடைவெளிக்குள் முடிப்பாள். பேச்சு முடிந்தால் தானே அழுத்தி மறுபடி ஆரம்பிப்பாள். உன் அம்மாவே மனம் மாறி, பசியாறினாப் போதும் என்று விட்டுவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சில வெள்ளிக்கிழமைகளாக நீ கூப்பிடும்போது அவள் தூங்குகிறாள், விளையாடப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். தூங்கவில்லை, என் பக்கத்திலேயேதான் இருந்தாள். கடைசியாக அவள் உன்னோடு பேசினாளே, நீ அவசரமாக வைக்கிறேன் கண்ணு என்று சொன்னாயே, அன்றைக்குப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா. இந்த அம்மா வேணாம் தாத்தா, இது வெச்சிடும், நம்ம அம்மா வெக்காது என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, கத்திரிக்காய் வேண்டாம் என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போய் பிளேயர் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள், என் கதை அதுதான். உன் அம்மா இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீறிவிட்டேன், சாமி என்னை மன்னிக்கட்டும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உடனே கோகுல்நாத்திடம் ஓடி, எடுத்ததை எல்லாம் மறுபடி சேர்த்து எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். வெட்டனதெல்லாம் அன்னிக்கே அழிச்சாச்சே நைனா, உன் போன்ல இருக்குமே என்றார். என் போனில் இல்லை, குழந்தை தேடிப் பிடித்து அழுத்திவிடுவாளே என்று நானே அழித்திருந்தேன். இதற்கு நடுவில் எண்ணெய்க் கையும் சாம்பார்க் கையும் பட்டுப் பட்டு அந்த சிடி கீறல் விழுந்து, போன வியாழக்கிழமை நின்றே போய்விட்டது. எதுக்கும் இருக்கட்டும் என்று கோகுல்நாத் முதலில் எழுதின அன்றைக்கே இன்னொன்றும் எழுதிக் கொடுத்திருந்தார். அது என் பீரோவில் சட்டைக்கு அடியில் இருக்கிறது. கொடுங்க, பிள்ளை வாடுது என்று உன் அம்மா சொல்கிறாள். நான் இன்னும் கொடுக்கவில்லை. குழந்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாள், பழைய சிடியை எடுத்துக் கவுனில் துடைத்துத் துடைத்து மறுபடி போட்டுப் பார்க்கிறாள். போனையும் கேட்கவில்லை. அதைக் கேட்டாலாவது எனக்கு ஒரு தைரியம் வந்திருக்கும்.

கொடுத்தால் சாப்பிடுவாள், ஆனால் நீ திரும்பி வரும்போது வாசலில் நிற்பது யார் என்று கேட்பாளோ என்று பயமாக இருக்கிறது. கொடுக்காவிட்டால் அவளுக்கு அந்த அம்மாவும் இல்லை, இந்த அம்மாவும் இல்லை. இருதலைக் கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருக்கிறேன். வந்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, உன் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது, அக்ரிமென்ட் முடியாமல் விடமாட்டார்கள், நீ அங்கே ஊர் சுற்றிப் பார்க்கவா போனாய். ஃபேக்டரியில் ஒன்றைத் தப்பாகப் பூட்டினால் கழற்றி மறுபடி பூட்டலாம், பெரியவர் யாராவது வந்து வழி சொல்வார்கள். இங்கே நான்தான் பெரியவன், எனக்கே தெரியவில்லை. பெற்றவள் நீ, நீதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லார் காதிலும் விழுமே என்று கவலைப்படாதே. அந்த சிடியைக் கொடுக்கலாம் என்றால் அங்கே மழை பெய்ததா என்று என்னைக் கேள். வேண்டாம் என்றால் மழையைப் பற்றிப் பேசாதே, நான் புரிந்துகொள்கிறேன். நீ எதைச் சொன்னாலும் உன்மேல் குறை சொல்லமாட்டேன்.

இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு அந்த வீட்டு அம்மாள் எதிரில் போய் நிற்காதே, காரணம் கேட்பார்கள். வேலை நேரத்திலும் தண்ணீர் குடி, உனக்குச் சின்ன வயதிலிருந்தே நீர்க்கடுப்பு வரும். எது சொன்னாலும் எதிர்த்துப் பேசாமல் நாளைத் தள்ளு. எந்த ஊரில் இருந்தாலும் நீ என் பெண், நல்ல உடம்போடும் தெம்போடும் வந்து சேர வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். வருகிற வெள்ளிக்கிழமை எப்படியாவது குழந்தையின் காதில் போனை வைப்பேன். சாப்பிட்டியா கண்ணு என்று கேட்காதே, மிஸ் என்ன சொன்னாங்க என்றும் கேட்காதே, அதெல்லாம் அந்த சிடியில் இருக்கிறது. அதில் இல்லாத ஏதாவது ஒன்றைக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
மனோகரன்