ராணி நின்ற இடம்

11 ஏப்ரல் 2008, வெள்ளி. ஜெபல் அலி.

வளைகுடாவில் வெள்ளி லீவு நாளாயிற்றே என்று அக்கா மகன் செல்வின் லேப்டாப்போடு ரூமுக்கு வந்தான்.

"மாமா, ஒங்க பழைய வேலைக்கு ஆள் வந்தாச்சு!"

லேப்டாப்பில் ஓடிய படத்தில் தலையில்லாத நாலுகால் இயந்திரம் ஒன்று பட்டாளத்துச் சுமையோடு நடந்தது. இன்று கிடங்கு வாசலில் செக்யூரிட்டியாக நிற்கும் நான், அன்று பட்டாளத்தில் கோவேறு கழுதைகளின் சக்கரவர்த்தி. விடுவேனா?

"லே, என் ராணி இமயமலையையே முதுகுல ஏத்தி அந்தப் பக்கம் எறக்கி வச்சவ. இது போடுற சத்தத்துல செத்த எதிரியும் எந்திச்சிருவான்."

"தீவனம் வேண்டாம், பயம் கிடையாது. போன்னா போவும் மாமா."

அப்போது படத்தில் ஒருவன் அதை ஓங்கி உதைத்தான். அது தள்ளாடி, சமாளித்து, மறுபடி நடந்தது. செல்வின் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராணியை நானும் அப்படித்தான் உதைத்தேன். மேலே எல்லைக் காவல் போஸ்டில் ஆட்கள் மண்ணெண்ணெய்க்காகக் காத்திருந்தார்கள். அவளோ பனிப்பாதையில் ஓரடி நகரவில்லை. உதைத்தும் நகரவில்லை. மறுகணம் எங்கள் முன்னால் பாதையே பள்ளத்தில் சரிந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த மூச்சின் சூடு இந்த ஊர் வெயிலிலும் என் கன்னத்தில் இருக்கிறது.

"அன்னைக்கு நீங்கதான மாமா ராணிய இழுத்து நிறுத்துனிய?" என்று செல்வின் கேட்டான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் சொன்ன கதை அது.

மீசையை முறுக்கிக்கொண்டேன்.

போ என்றால் போகிற ஜாதியாக அவள் இருந்திருந்தால், முறுக்க இந்த மீசை ஏது? அடுத்த வெள்ளி அவனிடம் சொல்லிவிட வேண்டும். நின்றது அவள். உதைத்தது நான்.