கழுத்தளவு

ஜூன் 4, சனி
நூலக மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பு: ஒன்றை நம்புவதற்கு முன் எப்படிச் சரிபார்ப்பது. உதாரணத்துக்கு, நோய் குணமாகுமென்று காந்தம் போட்டு வைத்துக் குடிக்கிற காந்தத் தண்ணீரை எடுத்தேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க, கழுத்து வீக்கத்துக்கு டாக்டர்கிட்ட போகாம இதக் குடிக்கறாங்க." எல்லாரும் சிரித்தார்கள். பல்லுக்குக் கம்பி போட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன பாத்தா மனச மாத்திக்குவீங்கன்னு அவங்களக் கேட்டீங்களா மேடம்?"

கேட்கவில்லை. எடுத்துச் சொல்லியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன். கேட்டதில்லை. அந்த 'ஒருத்தங்க' என் தங்கை என்பதையும் சொல்லவில்லை.

ஜூன் 5, ஞாயிறு
தங்கையின் தையல் கடைக்குப் போனேன். கழுத்தில் வழக்கம்போல இஞ்ச் டேப். வீக்கம் அதையும் மீறித் தெரிகிறது.

"வாம்மா பகுத்தறிவு. இன்னிக்கு எந்தப் பாடம்?"

"ஒரே கேள்விதான்டி. என்ன ஆனா இந்தத் தண்ணி வேலை செய்யலன்னு ஒத்துக்குவ?"

மெஷின் நின்றது.

"ரெண்டு வாரத்துல குறையலன்னா. குறைஞ்சா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

குறைந்தாலும் டாக்டரைப் பார்க்கத்தானே வேண்டும்? அதைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவாள். தலையாட்டினேன். அவளே கழுத்தை அளந்து, சாக்கட்டியால் சுவரில் எழுதினாள்.

ஜூன் 8, புதன்
ஆபீசில் எதுவும் ஓடவில்லை. ரெண்டு வாரம் விட்டது தப்போ?

ஜூன் 12, ஞாயிறு
"கொஞ்சம் வத்தின மாதிரி இருக்குக்கா." போனில் அவ்வளவு சந்தோஷம். "டேப் வெச்சுப் பாத்தியா?" என்றேன். "உனக்கு எல்லாத்துக்கும் டேப்பு!" — வைத்துவிட்டாள்.

எனக்கு வந்தது எரிச்சல். வத்தக் கூடாதுன்னு நெனச்சேன். என் தங்கச்சி வீக்கம் வத்தக் கூடாதாம், நான் சொன்னது சரியா இருக்கணுமாம்! ச்சீ. இந்த லட்சணத்துல ஊர்ப்பிள்ளைங்களுக்குப் பாடம் வேற.

ஜூன் 18, சனி
வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை என்பதை, நான் நினைத்ததை. பிறகு கம்பிக்காரி: "அப்போ அளக்கறப்ப நீங்க டேப்பத் தொடாதீங்க மேடம்."

ஜூன் 19, ஞாயிறு
தொடவில்லை. ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கை டேப்பை இறுக்கிப் பிடித்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு தானே தளர்த்தினாள். "எந்தக் கஸ்டமருக்கும் நான் இப்படி இறுக்கி அளவெடுத்தது கிடையாது."

சுவரைப் பார்த்தாள்.

"கூடியிருக்குக்கா."

நான் சொன்னதுதான் நடந்தது. ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 21, செவ்வாய்
ஆஸ்பத்திரி. வீக்கத்தில் ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். அழைக்கும்வரை பெஞ்சில் காத்திருந்தோம்.

"ரிசல்ட் எப்படி வந்தா என்ன செய்யறதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கலாமா?" என்றாள். "வந்தப்புறம்னா நான் மாத்திப் பேசுவேன்."

பேசினோம். நல்லதாக வந்தால், கெட்டதாக வந்தால் என்று இரண்டு பக்கமும் பேசினோம்.

கூப்பிட்டார்கள். டேப்பைக் கழற்றினாள். வைக்க இடம் தேடி, கடைசியில் என் கழுத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.