கொழிஞ்சியும் என் தலையும்

அக். 4, சனி

மூடுபனி. கனகபுரா ரோட்டைத் தாண்டி ஒரு குன்று. இவரும் நானும். மலையேற்றக் குழுவில் சேர்ந்து மூன்று மாதம். செடிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தகுதி என் கணவருக்கு இரண்டாம் வாரமே வந்துவிட்டது.

இன்று வந்த காரணம் என் நரை. கடைச் சாயம் போட்டால் நெற்றி வீங்கும். அடுத்த ஞாயிறு மகள் ஜெனிக்கு நிச்சயதார்த்தம். முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரிப் பொடி, தலை கறுக்கும். அவுரி காட்டிலிருந்தே வரும் என்று இவர் சபதம்.

சிறகு போல இலை, ஊதாப் பூ, தட்டைக் காய். பக்கத்திலேயே அதே ஜாடையில் இன்னொன்று. பூ இளஞ்சிவப்பு, காய் உருட்டாக, கொத்துக்கொத்தாக.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"உனக்கு எல்லாமே ஒண்ணுதான் ஸ்டெல்லா. இது அவுரி. அது வெறும் களை."

ஊதாப் பூச்செடியில் பை நிறையப் பறித்தார்.

அக். 7, செவ்வாய்

இலை மாடியில், நிழலில். பக்கத்து வீட்டுப் பூனை அதன்மேல். ஒரு கிளை மட்டும் ஹாலில், தண்ணீர் டம்ளரில், 'அவுரி' என்று சீட்டுடன்.
வெங்காயம். ஜெனி ப்ளவுஸ். சர்ச் சாமியாருக்கு ஃபோன்.

அக். 10, வெள்ளி

மருதாணி. நரை முழுக்கப் பளீர் ஆரஞ்சு. நாளை கறுக்கும்.

அக். 11, சனி

மழை. பொடியைக் குழைத்துப் பூசி இரண்டு மணி நேரம். ஆரஞ்சு. மறுபடியும் பூசி, மறுபடியும் ஆரஞ்சு. கூடுதலாகப் புல் வாசனை.

இவர் குழுவுக்கு ஹால் கிளையின் படம் அனுப்பினார். ஒரு பெண் குரல் பதில்: "அங்கிள், இலை நுனியப் புடிச்சு இழுங்க. அம்பு முனை மாதிரி கிழிஞ்சா அது கொழிஞ்சி."

டம்ளர் கிளையில் இழுத்தார். கச்சிதமான அம்பு. ஒன்றாவது மனம் மாறும் என்று பதினான்கு இலை இழுத்தார்.

ஜெனி: "மம்மி, ஃபோட்டோல்லாம் எடுப்பாங்க. முக்காடு போட்டுக்கோயேன்."

மாட்டேன் என்றேன். பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து கொஞ்சம் அழுகை.

இவர் கதவருகே வந்து, "அந்தக் களைதான் அவுரியாம் மா."

அக். 12, ஞாயிறு

விடிந்ததிலிருந்து இவர் பாத்ரூமில். எட்டு மணிக்கு வெளியே. நரைத்த தலை, மீசை, புருவம் உட்பட மருதாணி ஆரஞ்சு. வேட்டி எங்கே என்று மட்டும் கேட்டார்.

தொம்மலூர், மாப்பிள்ளை வீடு. சம்பந்தியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க பக்கம் இது வழக்கமாங்க?"

"ஆமாங்க," என்றார் இவர்.

சம்பந்தி தன் வெள்ளை மீசையைத் தடவினார். "அப்ப கல்யாணத்துக்கு நாங்களும் போடணுமா?"

போடணும் என்றேன்.