அடுப்பில்லாத பத்து நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது, ஏரிக்கரை விடுதியின் மாடி வராந்தாவிலிருந்து. நானும் அம்மாவும் சுகம், ஒப்புக்கு எழுதும் வரியல்ல இது, நிஜமாகவே சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அங்கே குளிர் விட்டதா. நாங்கள் இங்கே வந்து ஆறு நாளாகிறது, ஏழாகவும் இருக்கலாம், கிழமை மறந்துவிட்டது. காலையில் கண் விழித்தால் ஏரி இருப்பதே தெரியாது, சன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை, துடுப்புச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும், பிறகு மெல்ல மெல்லக் கரையில் ஒரு மரம், அப்புறம் இன்னொரு மரம் என்று வந்து நிற்கும். மத்தியானம் தூங்கி எழுந்தால் காலையா மாலையா என்று பிடிபட நேரமாகிறது. முப்பத்தொரு வருஷமாக விடியுமுன்னே அடுப்பு மூட்டியவனுக்கு நாள் இப்படியும் நகரும் என்பது கனவு மாதிரிதான் இருக்கிறது.

போனில் நீ சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தேனே, முதலில் அதற்கு வருத்தம் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்து போனதிலிருந்து அம்மாவுக்கு வாசனை தெரியவில்லை, எதைக் கொடுத்தாலும் நனைந்த அட்டையை மெல்வதுபோல் இருக்கிறதென்று தட்டைத் தள்ளிவிடுகிறாள், இவ்வளவுதான் உனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியதையும், மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்றிப் போட்டிருப்பதையும் நான் மறைத்துவிட்டேன். இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதையும்தான். ஆலை கேண்டீனில் நானூறு பேருக்கு ஆக்கிப்போடுகிறவன், மாஸ்டர் கை பட்டால் தனி ருசி என்று பெயர் வாங்கியவன், சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு வாய் இறங்க வைக்க முடியவில்லை. வெண்ணெயைக் கூட்டினேன், மிளகைக் கூட்டினேன், மூக்கே வேலைநிறுத்தம் செய்யும்போது மிளகு என்ன செய்யும். அந்த நேரம் பார்த்து நீ, அப்பா கொஞ்ச நாள் அடுப்பை மறந்துட்டு அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, காய் பழமெல்லாம் பச்சையாவே குடுங்க, மணம் தெரியாட்டியும் கடிக்கிறது தெரியும்ல என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஆடு மாடு தின்கிற மாதிரியா என் வீட்டுக்காரி தின்பாள் என்று போனை வைத்தேன். கோபம் உன்மேல் இல்லை கண்ணு, என் கை உதவாமல் போயிற்றே என்றுதான்.

வேறு வழியில்லாமல் பத்து நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். ஒரு கத்தி, ஒரு பலகை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு புட்டி, நாலு எலுமிச்சை, பை கொள்ளாமல் வெள்ளரியும் கேரட்டும் ஆப்பிளும். இரண்டு பேருக்கு எவ்வளவு என்பது என் கைக்குத் தெரியாது, ரயிலில் நறுக்க ஆரம்பித்து நிமிர்ந்து பார்த்தால் பெட்டி முழுவதற்கும் ஆகிவிட்டது, எதிர் சீட்டுக்காரர் குடும்பத்தோடு சாப்பிட்டு வாழ்த்தினார். அம்மா ஒரு துண்டு கேரட்டைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்து, சத்தம் நல்லாயிருக்குங்க என்றாள். அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடுதி அறையில் டீ போட மின்சாரக் கெட்டில் வைத்திருந்தார்கள், அதைப் பார்த்ததும் என் கை ஊறியது. முழுப் பச்சையாகக் கொடுக்க மனசு வராமல், அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் கேரட்டைக் கெட்டிலின் கொதிநீரில் ஒரு முக்கு முக்கியெடுத்துத் துடைத்து ஒன்றும் தெரியாதவன்போல் தட்டில் அடுக்கினேன். இரண்டு நாளும் அவள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள், உன் வைத்தியமும் பலிக்கவில்லை என்று பயந்துபோனேன். மூன்றாம் நாள் அவள் டீ ஊற்றியபோது கோப்பைக்குள் ஒரு கேரட் துண்டு விழுந்தது. அவள் திட்டவில்லை. மூக்குக்குத் தெரியலன்னா பல்லுக்குமா தெரியாது என்றாள், பிறகு களைத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஒரு நாளாவது எதையும் செய்யாம எங்கூட வந்து உக்காந்து சாப்பிடுங்களேன் என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. சமையல்காரன் கடைசியில் சாப்பிடுவான், அதுவும் நின்றபடி. கேண்டீனில் எல்லோரும் போனபிறகு பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்று இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன், வீட்டிலும் உங்கள் இருவருக்கும் சுடச்சுடப் பரிமாறிவிட்டு மேடையில் சாய்ந்தபடி தின்றுதான் பழக்கம். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது கல்யாண விருந்தில் மட்டும்தானாம், அன்றைக்கும் நான் பாதியில் எழுந்து சமையல் எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போய்விட்டேனாம். முப்பத்தொரு வருஷம் இதை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள் பார்.

அன்றிலிருந்து கெட்டில் விடுதிக்காரம்மாவிடம் இருக்கிறது. அவர் தோட்டத்துப் பட்டாணியைக் கொடியிலிருந்தே பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நறுக்கி முடித்ததும் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை, எதிரே உட்கார்ந்தேன். நான் ஒரு கடி, அவள் ஒரு கடி. பனிக்குள் அந்தச் சத்தம் மட்டும். கேரட் மரம் மாதிரி உடையுது, பட்டாணி வெடிக்குது, வெள்ளரி தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்குது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இத்தனை வருஷத்தில் நான் வெள்ளரிச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. இன்று காலை தட்டு காலியாயிற்று. ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பாமல் தட்டை மட்டும் நீட்டி, இன்னும் கொஞ்சம் இருக்கா என்றாள். தினம் நானூறு பேர் என்னிடம் கேட்கும் கேள்விதான். உள்ளே போய்ப் பலகைமுன் நின்று அழுதேன், பிறகுதான் நறுக்கினேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

எடை ஏறியதா என்று தெரியாது, ஊர் திரும்பியதும் டாக்டரிடம் போகிறோம், மாத்திரையும் தவறாமல் நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எங்காவது சுற்றப் போனால் நறுக்கி வைத்து விற்பதை வாங்காதீர்கள், முழுதாக வாங்கி, நல்ல தண்ணீரில் கழுவி, தின்னும்போது நறுக்குங்கள், கீரையைப் பச்சையாகத் தொடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், நானே எடுப்பேன். இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள்.

இன்னொன்று. இருபத்தாறு வருஷத்தில் உன்னோடும் நான் ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நீ இதுவரை கேட்டதில்லை. கேட்கவேண்டாம், வந்தால் போதும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா